கண்ணில் பிழிந்த எலுமிச்சை

கையெடுத்துக் கும்பிடுகிறேன். எலுமிச்சம்பழத்தைப் பற்றி இனிமேல் யாரும் எனக்கு எதையும் அனுப்பாதீர்கள்.

நம் குரூப்பில் போன வாரம் மட்டும் மூன்று பேர் அதையே அனுப்பியிருக்கிறீர்கள். காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றில் ஆப்பச் சோடாவைக் கலந்து குடித்தால் உடம்பு முழுக்கக் காரத்தன்மைக்கு வந்துவிடுமாம். வந்த நோய் ஓடிவிடுமாம், வரப்போகிற நோய் வாசலிலேயே நின்றுவிடுமாம். அனுப்பியவர்களில் ஒருத்தி கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். இன்னொருத்தி பணிக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவள். நாம் எல்லோரும் விலங்கியல் படித்தவர்கள்தானே? முதல் வருஷம் முதல் பாடம் என்ன? தவளையா, கரப்பான் பூச்சியா? அணு, அயனி, நீர், அமிலம், காரம், உப்பு. உயிருள்ளதைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டு வாருங்கள் என்று மேடம் கரடியாய்க் கத்தினார்கள். குறிப்பெடுத்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் ஏற்கெனவே இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எலுமிச்சை அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்தால் நுரை வரும், கார்பன் டை ஆக்சைடு வரும், கடைசியில் உங்களுக்கு ஒரு ஏப்பம் வரும். ரத்தம் கொஞ்சம் காரத்தன்மையில்தான் இருக்கிறது. அதை அந்த இடத்திலேயே வைத்திருக்க நுரையீரலும் சிறுநீரகமும் நம்மைக் கேட்காமலே வேலை பார்க்கின்றன. அது அசைந்தால் நாம் ஆஸ்பத்திரியில் கிடப்போம், குரூப்பில் பூப்படம் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டோம்.

இதைத்தான் பதிலாக எழுதினேன். அதற்கு ஒருத்தி, "ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்டு, சிரிக்கிற மூஞ்சிகளை வரிசையாகப் போட்டிருந்தாள். ஆமாம், இவ்வளவு கோபம்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் போனைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

அப்போது நாங்கள் சங்கரன்கோவிலில் இருந்தோம். அப்பா உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே, மாற்றலாகி வந்த இடத்தில் வாடகை வீடு. காலையில் கண் விழித்தால் தறிச் சத்தம், படுக்கப் போகும்போதும் தறிச் சத்தம். வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அண்ணாச்சியின் சாயப் பட்டறை. சுவரில் ஒரு சின்ன மரக்கதவு உண்டு. அதைத் திறந்தால் ஈர நூல் வாடையும் காஸ்டிக் சோடா நெடியும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறும். தெருச் சாக்கடையில் காலையில் என்ன நிறம் ஓடுகிறது என்று பார்த்தாலே அன்றைக்கு எந்த நிறத்துக்கு நூல் முக்குகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வேத வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அது கிறிஸ்தவ ஜனங்களில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் வசனம் முடிந்ததும் ஆளுக்கொரு அறிவியல் வரையறையும் சொல்ல வேண்டும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு வார்த்தை பிசகினால் கண் திறக்கும். அம்மா எப்போதும் ஒன்றையே சொல்வாள்: "இடத்தை அடைத்துக்கொள்வதும் எடை உள்ளதும் பொருள்." சொல்லிவிட்டு அப்பாவின் புத்தக அலமாரியைப் பார்ப்பாள்.

எனக்குப் பிடித்தது நடுநிலையாக்கல். "அமிலமும் காரமும் வினைபுரிந்து உப்பையும் நீரையும் தருவது." இதை நான் மூச்சு விடாமல் சொன்னதும் அப்பா ஒரு தடவை ஞாபக மறதியில் "ஆமென்" என்றார். அந்த வீட்டில் நான் வளர்ந்த விதத்துக்கு அதற்கு மேல் ஒரு சாட்சி தேவையில்லை.

ஆறாம் வகுப்பு முடிந்த அந்த மே மாதம் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. எனக்குப் பதினொன்று, அவளுக்குப் பத்தொன்பது. ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது, ஜூனில் சேர வேண்டும். அதுவரைக்கும் அக்கா வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். அந்த இடத்துக்கு அவள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பிறந்த வீட்டில் பத்தாவதோடு நிறுத்தப் பார்த்தார்கள், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து மேலே படித்தவள். எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே பின்கதவில் சாக்பீஸால் எழுதிப் பழக ஆரம்பித்தாள். எழுத்தெல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் அவளுக்கு. நான்தான் மாணவி. "ஏட்டி, டீச்சர் எழுதும்போது பேசக் கூடாது" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். இவள் பிறந்ததே இதற்குத்தான் என்று அந்த வயதில் எனக்கே தெரிந்தது.

ஜெபத்தில் வரையறை சொல்ல அவள் முறை வந்தபோது, "அத்தான் என்பவர் கேள்வி கேட்பவர், பதில் வருமுன் அடுத்த கேள்வி கேட்பவர்" என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன், அன்றைக்குச் சிரித்தார்.

அந்த லீவில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. புத்தகத்தில் 'செய்து பார்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்ததைப் படித்துவிட்டு மஞ்சள் தாள் செய்தேன். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசி, காய வைத்து, விரல் அகலத்துக்கு நறுக்கி, ஜாமெட்ரி பாக்ஸில் அடுக்கிக்கொண்டேன். காரம் பட்டால் தாள் சிவக்கும். சோப்புத் தண்ணீரில் சிவந்தது. சாம்பல் கரைசலில் சிவந்தது. அண்ணாச்சியின் வெற்றிலைச் சுண்ணாம்பில் ரத்தமாய்ச் சிவந்தது. மோர், வியர்வை, எச்சில் எல்லாவற்றிலும் முக்கிப் பார்த்தேன். திருவிருந்து ரசத்தில் ஒரு துளியைத் தொட்டுப் பார்க்கக் கோயிலுக்குத் தாளை எடுத்துக்கொண்டு போய், போதகரிடம் மாட்டிக்கொண்டு, அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினேன்.

இதுவரை பிள்ளை விளையாட்டு. எனக்கு இன்றும் ஆறாதது பெரியவர்கள் செய்த விளையாட்டு. தெருவில் என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள், பிறகு நிஜமாகவே சாமான் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணாச்சி ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீரோடு வந்தார்.

"இந்தத் தண்ணி குடிக்க நல்லதான்னு பாத்துச் சொல்லு மக்கா."

தாள் மஞ்சளாகவே இருந்தது. "நல்ல தண்ணி" என்றேன். மடமடவென்று அண்ணாந்து குடித்துவிட்டுப் போனார். அதில் பூச்சிமருந்து கலந்திருந்தாலும் என் தாள் மஞ்சளாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தாளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, காரம் உண்டா இல்லையா. எலுமிச்சைச் சாற்றையும் பச்சைத் தண்ணீரையும் அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, இரண்டிலும் மஞ்சளாகவே இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய அப்பா மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

சாயப் பட்டறையில் நூல் முக்குகிற ஒரு பெண் இருந்தார். இப்போது 'இருந்தார்' என்று எழுதுகிறேன். அன்று 'அவ' தான், 'நீ' தான். என் அம்மாவைவிட மூத்தவரைப் பதினொரு வயதுப் பிள்ளை நீ என்று கூப்பிட்டேன், வீட்டில் யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. முழங்கை வரைக்கும் நீலம் ஏறிய கைகள் அவருக்கு. ஏதாவது கேட்கவோ கொடுக்கவோ வந்தால் மரக்கதவு வரைக்கும் வருவார், அதைத் தாண்டி எங்கள் முற்றத்தில் கால் வைக்க மாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் வரையறை இருந்தது, அதற்கு மட்டும் இல்லை. அவர் குடிக்கிற தண்ணீர் ஒரு மண்பானையில் பட்டறை மூலையில் தனியாக இருக்கும்.

ஒரு நாள் நான் காஸ்டிக் கரைத்த வாளியில் தாளை முக்க வந்தபோது அவர் சிரித்தார்.

"இதுக்கு எதுக்குப் பிள்ள பேப்பரு? ரெண்டு விரல்ல தொட்டா வழுவழுங்கும். வழுக்குச்சுன்னா கையத் தண்ணியில போட்டுரணும். வழுக்கு போறமட்டும் எடுக்கப்பிடாது."

நான் கேட்டுக்கொள்ளவில்லை. புத்தகத்தில் அது இல்லை. பிற்பாடு நாம் படித்தோமே, காரம் கொழுப்போடு சேர்ந்தால் சோப்பாகிறது என்று, அதைத்தான் அவர் விரலால் சொல்லியிருந்தார். அங்கே வழுக்குவது நம் தோல்தான், தோலின் கொழுப்பு சோப்பாகிக்கொண்டிருக்கிறது. ஒரு வாக்கியத்தில் பாடத்தையும் முதலுதவியையும் சேர்த்துச் சொன்ன ஒரே ஆள் அந்தத் தெருவில் அவர்தான். அவரிடம் யாரும் எதையும் கொண்டுபோய்க் காட்டவில்லை.

பயிற்சிக்குப் போக ஒரு வாரம் இருந்தது. சித்தியிடம் வெளுத்துப்போன தாவணி ஒன்று இருந்தது. பட்டறையில் நீலத் தொட்டி போட்டிருக்கிறார்கள், கடைசித் தண்ணீரில் இதையும் ஒரு முக்கு முக்கிக்கொள்ளட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டுச் சரி வாங்கிவிட்டாள். மத்தியானம் நானும் அவளும் போனோம். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். அந்த அம்மாள் மட்டும் குனிந்து வாளியில் காஸ்டிக்கைக் கரைத்துக்கொண்டிருந்தார். தொட்டால் சுடும் வாளி அது, காஸ்டிக் கரையும்போது தண்ணீர் தானாகவே கொதிக்கும்.

"தள்ளி நில்லு தாயி, தெறிக்கும்" என்றார் அவர்.

சித்தி தள்ளித்தான் நின்றாள். ஆனால் தோளில் கிடந்த தாவணியின் நுனி நழுவி வாளிக்குள் விழுந்தது. ஐயோ என்று வெடுக்கென்று இழுத்தாள். நனைந்த நுனி சாட்டையாய்ச் சுழன்று அவள் முகத்தில் அடித்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் தறிச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. நான் அப்பாவைக் கூப்பிட வீட்டுக்குள் ஓடினேன்.

திரும்பி வரும்போது மண்பானை தரையில் உடைந்து கிடந்தது, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் சேலை நனைந்து ஓரமாக நின்றுகொண்டு கையைப் பிசைந்தார். "தண்ணி ஊத்துங்கய்யா, தண்ணியில கண்ண முக்குங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவும் ஓடி வந்தாள். உடைந்த பானையைப் பார்த்ததும் அவள் கோபம் அவர் மேல்தான் பாய்ந்தது.

"அவசரத்துல கை தவறிப் போட்டாச்சா? நீ சும்மா இரி. சார் பாத்துக்கிடுவாவ."

சார் பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். பதறிப்போய்தான் நின்றார். பதறுகிற மனுஷனுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். என் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டார்.

"காஸ்டிக் சோடா என்னது? அமிலமா காரமா?"

"காரம்."

"காரத்த எதை வச்சு நடுநிலையாக்கணும்?"

"அமிலம்!"

"வீட்டுல என்ன அமிலம் இருக்கு?"

"எலுமிச்சம்பழம்! சிட்ரிக் அமிலம்!"

இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. பக்கத்திலேயே ஒருத்தி கண் வெந்து அலறிக்கொண்டிருக்கிறாள், நாங்கள் வாய்மொழித் தேர்வு நடத்திக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னேன். நூற்றுக்கு நூறு.

அதிலும் பாருங்கள், பழம் தேட வேண்டிய பாடுகூட இல்லை. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு சார் புளியங்குடிக்காரர், முந்தின நாள்தான் ஒரு பை நிறைய எலுமிச்சை கொண்டுவந்து தந்திருந்தார். அம்மா ஊறுகாய்க்கு நறுக்கித் தட்டில் பரப்பி வைத்திருந்தாள். தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள், அப்பா பிழிந்தார். சித்தி மறுபடியும் அலறினாள். "அமிலம் வேலை செய்யுது, பொறுத்துக்கோம்மா" என்றார் அப்பா. அமிலமும் காரமும் சேரும்போது சூடு பிறக்கும் என்பது அதே பாடத்தில் அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு நாங்கள் யாரும் வரையறை சொன்னதில்லை.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன். கேட்டால் என்னை குரூப்பை விட்டே நீக்கிவிடுவீர்கள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து, சித்தியின் கன்னத்தில் ஒழுகியதில் ஒற்றிப் பார்த்தேன். மஞ்சளாகவே இருந்தது.

"காரம் போயிட்டுப்பா! நடுநிலையாயிட்டு!"

மேலே ஒழுகியது முழுக்க எலுமிச்சைச் சாறு. அது மஞ்சளாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? காரம் எப்போதோ கண்ணுக்குள் இறங்கிவிட்டது. அது மேலோடு நிற்கிற ஜாதி இல்லை. கொழுப்பைக் கரைத்து, புரதத்தைக் குலைத்து, உள்ளே வழி பண்ணிக்கொண்டு போகும். அப்பா தாளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஸ்தோத்திரம்" என்றார். அங்கேயே நின்று ஒரு சின்ன ஜெபம் பண்ணினார், அதில் என் பெயரும் வந்தது. சித்தியை வீட்டுக்குள் கொண்டுவந்து ஈரத்துணி கட்டிப் படுக்க வைத்தார்கள். எரிச்சல் தணிந்துவிடும், கொஞ்சம் தூங்கட்டும் என்றார்கள். நான் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலு மணி வாக்கில் துணியை எடுத்துப் பார்த்தபோதுதான் அம்மா சத்தம் போட்டாள். கருவிழி பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை குடம் தண்ணி ஊத்துனிய?" அப்பா, தான் காரத்தை அமிலத்தால் நடுநிலையாக்கிய விதத்தை விளக்க ஆரம்பித்தார். நர்ஸம்மா பாதியிலேயே சித்தியை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்கார வைத்துவிட்டு, "வீட்டுல தண்ணி இல்லையாய்யா?" என்று கத்தினார்கள். அங்கிருந்து காரில் திருநெல்வேலி. பட்ட உடனே, அந்த நிமிஷமே தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் பார்வை தங்கியிருக்கலாம், இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதாகப் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது அப்போது என் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள், பிற்பாடுதான் கேள்விப்பட்டேன்.

ஜூன் மாதம் சித்தி கட்டோடு கிடந்தாள். சேர வேண்டிய நாள் போயிற்று. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம், கண்ணில் பூ விழுந்த பிள்ளையைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகள் பயப்படும், எதற்கு வீண் அலைச்சல் என்றார்கள். சொன்னவர்கள் எல்லோரும் படித்தவர்கள். அந்த முறை அவள் சாப்பிடாமல் கிடக்கவில்லை. எங்கள் பின்கதவில் அவள் எழுதியது மழை பெய்கிறவரைக்கும் இருந்தது.

ஆனால் எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? பாராட்டு. பதினொரு வயதில் என்ன சமயோசிதம், இந்தப் பிள்ளை மட்டும் இல்லாவிட்டால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்று ஒரு கதை கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியவில்லை. போதகர் ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லி, எனக்கு ஒரு பேனாவும் தந்தார். அந்தப் பேனா எங்கே தொலைந்தது என்று ஞாபகம் இல்லை, தொலைந்தவரைக்கும் நல்லது. சித்தி கண் போன நாளிலிருந்து எங்கள் வீட்டு ஜெபத்தில் வசனம் மட்டும்தான். வரையறை நின்றுபோனதைப் பற்றி அப்பாவும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நம் முதல் வருஷ வகுப்பில் மேடம் காரக் காயத்தைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு நான் பாதியில் எழுந்து வெளியே போனேனே, வாந்தி என்று நினைத்தீர்கள். அன்று சாயங்காலமே பஸ் ஏறி ஊருக்குப் போய் அப்பா முன்னால் நோட்டை விரித்து வைத்தேன். அப்பா இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"சமன்பாடு தப்பில்லையே மக்கா" என்றார்.

அவ்வளவுதான். அவர் சாகிறவரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. சமன்பாடு தப்பில்லைதான், சோதனைக் குழாயில். சித்தியின் கண் சோதனைக் குழாய் இல்லை என்று வாத்தியாருக்கு யார் சொல்வது?

சித்தியிடமும் சொன்னேன், பல தடவை. அதற்குள் அவள் திருவேங்கடத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் தண்ணீர், காரம், எலுமிச்சை என்று ஆரம்பித்தாலே, "சரி விடு, காப்பி குடிக்கியா?" என்பாள். கோயிலின் ஓய்வுநாள் பள்ளியில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். ஒரு பிள்ளைகூட அந்தக் கண்ணைப் பார்த்துப் பயந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

போன வருஷம் சித்திக்கு எழுபத்தைந்து முடிந்து ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். பந்தல், மைக், பிரியாணி. அவள் மகன் மைக்கைப் பிடித்து அந்தக் கதையை எடுத்துவிட்டான். சமயோசிதம், எலுமிச்சை, பதினொரு வயது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "அது தப்புலே. எலுமிச்சைதான் கெடுத்துச்சு. தண்ணிதான் ஊத்தியிருக்கணும்" என்று கத்தியே சொன்னேன். கூட்டம் சிரித்தது. "அக்காவுக்கு எப்பவும் தாழ்மை" என்றான் அவன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் என்ன செய்ய? உட்கார்ந்தேன்.

சாப்பாடு முடிந்து சித்தியும் நானும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். ஆற்றாமை தாங்காமல் கேட்டேன்.

"சித்தி, நீங்களாவது சொல்லக் கூடாதா? உங்க கண்ணக் கெடுத்தது நான்தான்னு எத்தனை வருஷமாச் சொல்லுதேன்?"

"ஏட்டி, போதும். அதையும் நீயே எடுத்துக்கிடணுமா? எல்லாமே உனக்குத்தான் வேணுமா?" என்றாள். எரிந்து விழுந்தாள் என்றே சொல்லலாம். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"அந்தப் பானை எப்படி உடைஞ்சுதுன்னு நீ என்னைக்காவது கேட்டிருக்கியாட்டி?"

"அவ கை தவறிப் போட்டுட்டான்னுதான அம்மா சொன்னா."

"அவ போடல. நீ அங்கன ஓடினதும் பானையத் தூக்கிட்டு ஓடி வந்தா. என் தலையச் சாய்ச்சுப் பிடிச்சு ஊத்தப் போனா. நான்தான் தட்டிவிட்டேன். 'ஒன் பானைத் தண்ணிய என் மூஞ்சில ஊத்தாத'ன்னு சொன்னேன். கண்ணு வேகுது. வேகும்போதும் அது யாரு பானைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு பாத்துக்க."

அத்தனை வருஷமும் நான் எலுமிச்சையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டர் சொன்ன அந்த முதல் நிமிஷத்தில் எலுமிச்சை வந்திருக்கவே இல்லை.

"உங்க அம்மா அவளைத் திட்டும்போதும் நான் வாயைத் திறக்கல. அவளும் திறக்கல" என்றாள் சித்தி.

"பொறவு அவளப் போய்ப் பாத்தீங்களா?"

"கல்யாணத்துக்கு முந்தி ஒரு தடவை போனேன். தப்பு எம்மேலதான்னு சொல்லிரணும்னுதான் போனேன். பட்டறையிலதான் இருந்தா. என்னப் பாத்ததும் முக்கிக்கிட்டிருந்த நூல அப்படியே விட்டுட்டு எந்திச்சு வந்தா. 'கண்ணு கொஞ்சமாது தெரியுதா தாயி'ன்னு கேட்டா. நான் அழுதேன். 'வெயில்ல நடந்து வந்திருக்கியே, ஒரு வாய் தண்ணி குடிக்கியா'ன்னு கேட்டா."

"குடிச்சீங்களா?"

"தாகம் தொண்டையப் பிடிச்சுதுட்டி" என்றாள் சித்தி. "வேண்டாம்னுட்டு வந்துட்டேன்."